சுடலைமுத்துவின் முழங்கால்

எல்லாரும் சௌக்கியமா? முழங்கால் எல்லாம் சொன்னபடி கேட்கிறதா?

டாக்டர் ஜெசிந்தா தொழில் மருத்துவச் சான்றிதழ் வாங்க ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. உப்பளத் தொழிலாளி சுடலைமுத்துவின் மூட்டுவலியைத் தன் காலில் ஒரு வாரம் வாங்கி வைத்திருந்து, குறித்த நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் தோல்வி. அடுத்த தேர்வு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

ஏழு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கொடுக்கப் போன இடத்தில் சுடலைமுத்து தலையைச் சொறிந்தார்.

"டாக்டரம்மா, நாளைக்கு தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வைக்கணும்லா? இந்த வலி திரும்பி வந்தா எனக்குச் சம்மணம் போட வராது. ஒரு நாள் கழிச்சுத் தாங்களேன்."

"அண்ணாச்சி, நான் பெயிலாயிருவேன்!"

"அப்பம் இப்பவே தாங்கம்மா. புள்ளைய வேற ஆரு மடியிலயாவது வச்சுக்கிடுதோம்."

அவர் காலை நீட்டினார். ஜெசிந்தா வலி மாற்றும் கருவியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் சம்மணமிட்ட மாமன் மடியில் குழந்தை வீறிட்டது. பந்தியில் டாக்டருக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். பக்கத்து இலைக்காரி மடக்க முடியாமல் நீட்டியிருந்த அவள் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"நீ எந்த உப்பளத்துல தாயி வேல பாக்க?"

உங்கள் வலியை யாராவது ஒரு நாள் வாங்கிக்கொண்டதுண்டா? மறக்காமல் எழுதுங்கள்.