கப்பலில் வந்த மூடி

“போனைக் கீழ வையுங்க முதல்ல!”

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பஸ்ஸில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கவிதா மேல்கம்பியைப் பிடித்தபடி, ஜன்னலோர சீட்டில் இருந்தவரை முறைத்துக்கொண்டு நின்றாள்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெளியூர்க்காரர். ‘ஒருத்தனும் வேலைக்கு இறங்கக் கூடாது. ஹார்பரை விட்டு ஒரு கன்டெய்னர் பெட்டி வெளிய போகக் கூடாது’ என்று போனில் அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

“ஹார்பர்ல வேலை செய்யறவருங்களா?”

“ஆமாம்மா. பேரு ஆண்டனி ராஜ். நாகலூர்ல அக்கா வீட்டுக்கு...”

“பேரை யாரு கேட்டா? பதினெட்டு நாளா கப்பல் சாமானை இறக்காம ஸ்ட்ரைக் பண்றது நீங்கதானுங்களா?”

“நாங்கதான்.”

அவ்வளவுதான். கவிதாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“நல்லா இருப்பீங்களா நீங்க? எங்க ஊட்டுக்காரரு எஸ்டேட்ல காப்பிப் பழம் தோலுரிக்கிற மிஷின்ல நின்னவருங்க. பல்லு சுத்தற எடத்துக்கு மூடி கெடையாது. சட்டைக் கையை இழுத்து மூணு விரலைத் தின்னுட்டுது. ரெண்டு மாசமா சோத்தை நான்தான் பெசஞ்சு ஊட்டறேன். இப்ப அதே மிஷின்ல நான் நிக்கறேன். மூடி இல்லாமத்தான்!”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கம்பியை இறுக்கிப் பிடித்த கவிதா விடவில்லை.

“அது வெளிநாட்டு மிஷினுங்க. மூடியும் அங்கிருந்துதான் வரோணும். எங்க முதலாளி சத்யராஜ் அய்யா அன்னைக்கே ஆர்டர் போட்டுட்டாரு. கப்பலும் வந்துருச்சு. உங்களாலதான் ஹார்பர்ல கெடக்குது. தெனமும் போய்க் கேக்கறேன். தெனமும் உங்களைத்தான் கை காட்டறாரு. உங்க கையெல்லாம் நல்லாத்தானே இருக்குது? கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?”

“நல்லாக் கேளு கண்ணு” என்றாள் பின் சீட்டிலிருந்த பெண். “வாங்கற கூலி பத்தாதாமா இவங்களுக்கு?”

ஆண்டனி ராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டார். பதிலுக்குக் கத்தவில்லை.

“கூலிக்காக இல்லம்மா. கிரேன் கம்பி நைஞ்சு போச்சு, மாத்துங்கன்னு ஆறு மாசமாச் சொன்னோம். கம்பெனிக்காரன் காதுலயே வாங்கல. கம்பி அறுந்து, பெட்டி மேல விழுந்து ரெண்டு பேரு செத்துட்டாங்க. ரெண்டும் என் கூட வேலை செஞ்சவங்க. மறுநாளு அதே மாதிரிப் பழைய கம்பியைக் கட்டி வேலை செய்யச் சொன்னான். செய்வியா நீ?”

கவிதாவுக்கு இன்னும் ஆத்திரம் இறங்கவில்லை.

“அதுக்கு எங்க விரலு போகோணுமாங்க?”

“போகக் கூடாது. அதனாலதான் மருந்து, ஆஸ்பத்திரி சாமான், உன்னை மாதிரி ஆளுங்க உசுரைக் காப்பாத்துற சாமான், இதை மட்டும் நாங்களே இறக்கிக் குடுக்கறோம். கூலி வாங்கறதில்ல. நேத்துகூட இறக்கினோம். உன் மூடி எந்தப் பெட்டியில இருக்குன்னு நம்பர் மட்டும் வாங்கிச் சொல்லு, ஆபீஸ் பேப்பர்ல இருக்கும். நாளைக்கே லாரியில ஏத்தி விடச் சொல்றேன்.”

சொன்னதோடு நிற்காமல், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் தன் போன் நம்பரை எழுதி அவள் கையில் கொடுத்தார்.

எஸ்டேட் வாசலில் இறங்கிய கவிதா ஓட்டமும் நடையுமாக ஆபீசுக்குப் போனாள். கணக்கெழுதும் ரைட்டர் முனியப்பன் மட்டும் இருந்தார்.

“அண்ணா, மூடி ஆர்டர் போட்ட பேப்பரைக் கொஞ்சம் எடுங்க. பெட்டி நம்பர் வேணும். ஹார்பர்காரரே இறக்கித் தர்றேங்கறாரு!”

முனியப்பன் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

“அதெல்லாம் எதுக்குக் கண்ணு உனக்கு?”

“நாளைக்கே லாரி ஏறிருமுங்கண்ணா!”

“ஏறாது சாமி.”

“ஏனுங்க?”

“ஆர்டர் போட்டிருந்தாத்தானே ஏறும்?”

“அப்ப ஆர்டரே போடலைங்களா?” என்றாள் கவிதா.

“மூடி போட்டா மிஷின் மெதுவா ஓடுமாம், பழம் தேங்கிருமாம். சீசன் முடியட்டும் பாக்கலாம்னுட்டாரு முதலாளி. அந்த நேரம் பாத்து ஸ்ட்ரைக்னு பேப்பர்ல வந்துச்சு. அவருக்குத் தோதாப் போச்சு. நான் சொன்னேன்னு சொல்லிராத.”

பஸ்ஸில் அந்த மனுஷரைப் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் கவிதாவின் நெஞ்சைச் சுட்டது. பதினெட்டு நாள் யார் யாரையோ சபித்திருக்கிறாள். சபிக்க வேண்டிய ஆளுக்குத் தினமும் காலையில் கும்பிடு போட்டிருக்கிறாள்.

அவள் ரைட்டர் பேரைச் சொல்லவில்லை. நேராக மிஷின் கொட்டகைக்குப் போனாள். அங்கே பழம் கொட்டிக்கொண்டிருந்த நாலு பெண்களிடமும், மூடி வராது, ஆர்டரே போடவில்லை என்பதை மட்டும் சொன்னாள். பிறகு மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள். கூடையைத் தூக்கியிருந்தவர்களும் கீழே வைத்துவிட்டார்கள்.

சத்தம் நின்றதும் பங்களாவிலிருந்து சத்யராஜ் வேகவேகமாக வந்தார்.

“மிஷினை எவ நிறுத்துனது? நீங்களும் அந்த ஹார்பர் கும்பலாட்டம் ஆரம்பிச்சுட்டீங்களா?”

“ஆமாங்க” என்றாள் கவிதா. “நாங்களும் அந்தக் கும்பல்தானுங்க. மூடி வந்தாத்தான் கை வைப்போம்.”