பனிப்படத்துக்குப் பின்னால் பலகை

செண்பகவல்லி ஒரு மரப்பலகையில் பனிமலையைச் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுத்தாள். அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினாள். கறுப்பாக நாலைந்து மொட்டை மரங்கள், ஒரு குடிசை, மற்றதெல்லாம் வெள்ளைவெளேரென்று பனி. வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். படத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

பலகை கீழே அலமாரிமேல் கிடந்தது.

"உடம்பெல்லாம் மையும் பள்ளமுமா இருக்கே. கொஞ்சம் தள்ளித்தான் கிடயேன்" என்றது படம்.

ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காத்து ஈரமானது. படத்தின் ஓரத்தில் பழுப்புக் கறை ஏறத் தொடங்கியது.

"ஐயோ, என் பனி போச்சே!" என்று படம் அழுதது.

செண்பகவல்லி பதறிப்போய்ச் சட்டத்தைக் கழற்றினாள். கைக்குக் கிடைத்த அந்தப் பலகையையே சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மாட்டினாள். ஈரத்தைப் பலகை வாங்கிக்கொண்டது. கறை அதோடு நின்றுவிட்டது.

"உன்னை அப்படிப் பேசினேனே, எனக்காக ஏன் நனையறே?" என்று படம் கேட்டது.

"உளி என்னைத் தோண்டின இடத்துலதான் மை ஒட்டல. அதுதான் உங்கிட்ட பனியாச்சு. அதை அழிய விடுவேனா?"

படம் முதுகை மெல்லப் பலகைமேல் சாய்த்துக்கொண்டது.

"அம்மா, உனக்குக் குளிருதா?"

"இப்ப இல்ல" என்றது பலகை.