சாக்கு போர்த்திய துகள்மானி

மூன்று நாள் மழைக்குப் பிறகு, தெருக்காற்றில் பூஞ்சைத் துகள் சிவப்பு அளவைத் தொட்டுவிட்டதாம். அளவு சிவப்பானால், ஆஸ்துமா அட்டை வைத்திருப்பவர்கள் வெளியே போகாதபடி வீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். அட்டை வைத்திருக்கும் வாணிக்கும் கதவு திறக்கவில்லை. தம்பி குமரேசனின் முகூர்த்தத்துக்கு அரை மணி நேரமே இருந்தது. அவன் முதல் முடிச்சுப் போட்டதும், மற்ற இரண்டையும் அக்காள்தான் போட வேண்டும்.

அவள் புகாருக்கு வந்த ஊழியர், மொட்டை மாடியில் காற்றை அளக்கும் துகள்மானியைப் பார்த்துவிட்டு, ஈரச் சாக்கோடு ஜன்னலுக்கு வந்தார்.

“இதை மானி மேல போட்டது யாரும்மா? சாக்கு பூராவும் பூஞ்சை. காத்து நல்லாத்தான் இருக்கு.”

“மழையில நனையுதேன்னு நான்தான் போர்த்தினேன்,” என்றான் கணவன் பால்ராஜ்.

“எனக்கு என்னைக்காவது குடை பிடிச்சிருக்கீங்களா?” என்றாள் வாணி.

“சாக்கை எடுத்தாலும் மானியில அளவு இறங்க ஒரு மணி நேரமாகும், அப்பதான் கதவு திறக்கும்,” என்றார் ஊழியர்.

கதவு திறந்ததும் மண்டபத்துக்கு ஓடினாள். முகூர்த்தத்தில் முதல் முடிச்சைப் போட்ட குமரேசன், கயிற்றின் இரு நுனிகளையும் விடாமல் பிடித்திருந்தான். முடிச்சுப் போட வந்த சித்தி மகளையும் திருப்பி அனுப்பிவிட்டானாம்.

குனிந்த தலை நிமிராமல் மணப்பெண் சொன்னாள்: “சீக்கிரம் போடுங்க அண்ணி. கழுத்து போச்சு.”