பார்த்ததை மட்டும்

"வேலியே பயிரை மேய்ஞ்சா என்ன பண்றது?" என்று ஆரம்பித்தார் செகரட்டரி.

குடியிருப்பின் பொது அறையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வாசலில் நிற்கும் பெரிய மரம் பத்தே நாளில் இலை பழுத்துக் கொட்டுகிறது. வேரடி மண்ணில் ஆசிட் வாடை. மண்ணைத் தொடுகிறவர் தோட்டக்காரர் ஒருவர்தான்; ஆகவே அவரை இன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்பது செகரட்டரியின் கணக்கு.

"கார் நிறுத்த இடமில்ல, பறவை எச்சம் வேறன்னு போன வருஷம் இதை வெட்டச் சொன்னவனே நான்தான். எனக்கே வயிறு எரியுது," என்றார்.

அவரை யாரும் லேசில் மறுத்துப் பேசமாட்டார்கள். சங்கத்துக்காக ஓடி ஓடி உழைப்பவர். அறுந்த செருப்பையும் கயிறு கட்டிப் போட்டுக்கொள்ளும் சிக்கனக்காரர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தோட்டக்காரர் சுவரோரம் நின்றார். பதினோரு வருஷ வேலை. தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றியதில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

"தீர விசாரிச்சுட்டுத்தான் பேசறேன். சாட்சி இருந்தா கொண்டு வா," என்றார் செகரட்டரி.

அப்போது முதல் மாடி அம்மா தயங்கித் தயங்கி எழுந்தாள். அவள் மகள் நான்காம் வகுப்பு. எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்பதால் குடியிருப்பில் அவளுக்குப் பெயரே கேள்விப்பெட்டி. அவள் பள்ளிக்கூடப் பாடத்துக்காக, அந்த மரத்துக்கு எத்தனை பறவை வருகிறது என்று பத்து நாளாகக் காலையில் பால்கனியில் உட்கார்ந்து எழுதிவருகிறாளாம்.

செகரட்டரிக்குச் சிரிப்பு. "வாசிக்கட்டுமே. குழந்தை பொய் சொல்லாது."

கேள்விப்பெட்டி நோட்டைப் பிரித்தாள்.

"மூன்றாம் நாள். காலை ஆறு பத்து. பறவைகள் பதினான்கு. ஆறு இருபதுக்கு ஒருவர் சிவப்பு வாளியுடன் வந்தார். மரத்தடியில் எதையோ ஊற்றினார். நுரை வந்தது. அது என்ன என்று தெரியாது. ஆறாம் நாள். பறவைகள் ஒன்பது. அதே வாளி. பத்தாம் நாள். பறவைகள் இரண்டு."

தோட்டக்காரர் எட்டு மணிக்குத்தானே வருவார் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

செகரட்டரி முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "ஆளோட முகத்தைப் பார்த்தியா?"

"இல்ல அங்கிள். கிளை மறைச்சிடுச்சு."

அவருக்கு மூச்சு வந்தது. "அப்ப தோட்டக்காரன்னே எழுதிக்கோ. வேற எவன் காலங்காத்தால வாளியைத் தூக்கிட்டு மரத்தடிக்குப் போவான்?"

"அப்படி எழுதக் கூடாது அங்கிள். அது நினைச்சது. விஞ்ஞானிங்க முதல்ல பார்த்ததை மட்டும்தான் எழுதுவாங்க, தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுவாங்கன்னு எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க."

"பெரிய விஞ்ஞானி. அப்படி என்னதான் பார்த்தே?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். "கால் மட்டும் தெரிந்தது. இடது செருப்பில் வார் இல்லை. மஞ்சள் கயிறு கட்டியிருந்தது."

அறையில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன.

கேள்விப்பெட்டியும் எட்டிப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"பதினொன்றாம் நாள். செகரட்டரி அங்கிள் இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஏன் என்று தெரியாது."