இரண்டு ரிப்பன்

பாலம் கட்டி முடித்து நாற்பது நாளாகியும் பிள்ளைகள் பரிசலில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். எந்தக் கரையில் முதலில் ரிப்பன் வெட்டுவது என்று இரண்டு கரைக்காரர்களும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். "உங்க பக்கம்தான் மொதல்ல" என்று தேர்தலில் இரண்டு கரையிலும் வாக்குக் கொடுத்தவள் ஊராட்சித் தலைவி பூங்காவனம். அன்று காலை அவள் இரண்டு முனையிலும் ரிப்பன் கட்டி, கத்தரிக்கோல் வைக்கச் சொன்னாள். பிறகு பரிசலில் வந்து, ஏணி போட்டு, பாலத்தின் நடுவில் ஏறி நின்றாள்.

"என்னா தலைவரம்மா, அந்தரத்துல நிக்கிற? வெட்ட வரலியா?" என்று கிழக்குக் கரையில் ஒருவர் கத்தினார்.

"ரெண்டு கரையில ரெண்டு பேச்சு பேசிட்டேன், தப்புதான். இன்னிக்கி எல்லாருக்கும் ஒரே பேச்சு. நான் வெட்டப்போறதில்ல, நீங்களே வெட்டிக்கிட்டு வாங்க!"

"யாருமே வரலன்னா?" மேற்குக் கரை சிரித்தது.

"இங்கியே நிக்கிறேன்."

ஏணியோடு பரிசல் திரும்பிப் போய்விட்டது. வெயில் ஏறியது. பூங்காவனத்துக்குத் தொண்டை வறண்டது. மேற்கே ஒருத்தி மோர்ச் சொம்போடு ரிப்பனருகே வந்து நின்றாள். கிழக்கே ஒரு குடை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. பூங்காவனம் சட்டென்று ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று அவள் பார்க்கவேயில்லை.