கேள்வி கேட்கிறவள்

"ஆசிய வளர்ச்சி வங்கியோட தலைமையகம் எங்கே இருக்கு?"

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த கணவன் வாயை மட்டும் திறந்தான்.

"ஆசியாவுல."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மணிலா" என்றாள்.

கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "இன்னொரு தரம் கேளும்மா. அவன் மண்டையில ஏறலை."

இன்னொரு தரம் கேட்டாள். "ம்" என்றான். அது பதிலா கொட்டாவியா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகன், வங்கித் தேர்வு எழுதப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பாத்திரம் கிடந்தால் கிடக்கட்டும், மருமகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அவனிடம் பொது அறிவுக் கேள்வி கேட்க வேண்டும். காலையில் பேப்பரையும் அவளேதான் உரக்க வாசிக்க வேண்டும். நாட்டு நடப்பு மகன் காதில் விழ வேண்டுமாம். அந்த நேரத்தில் மகன் பல்கூடத் தேய்த்திருக்க மாட்டான்.

அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் மாமனாரே வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். குடித்து முடித்ததும், "ம், அடுத்தது" என்பார்.

மாடி வீட்டு அம்மாவுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. துணி காயப் போட இறங்கி வந்தவள், ஒருநாள் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டாள். பரீட்சை எழுதப்போகிற ஆம்பளை குறட்டை விடுகிறான், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் பெண் கத்திக்கொண்டிருக்கிறாள், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள்.

"அவன் கேட்டுக்கிட்டேதான் தூங்குவான். அவன் படிப்பு அப்படி" என்றார் மாமனார், பீன்ஸ் நறுக்கியபடி.

"பேசாம அவளையே எழுத வைக்கலாமே? புத்தகத்தைப் பார்க்காமலே பதில் சொல்றாளே."

மருமகள் பயந்துபோய்ப் புத்தகத்தை மூடினாள்.

"இந்த வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லை" என்றார் அவர். பீன்ஸை இன்னும் பொடியாக நறுக்கினார்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பரீட்சை அவளுக்குத்தான். விண்ணப்பித்ததும் அவள்தான். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் வங்கி வேலை என்ற பேச்சே கிடையாது.

திருமணமாகி வந்த புதிதில் ஒரு தடவை வேலைக்குப் போக ஆசை என்று வாயைத் திறந்தாள். மாமனார் அப்போதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அப்புறம் அவள் திறக்கவில்லை.

யோசனை கணவனுடையது.

"கேள்வி கேக்கறவளுக்குத்தான் பாடம் மனசுல நிக்கும். பரீட்சை எனக்குன்னு சொல்லிடறேன். நீ கேளு, நான் தூங்கறேன். வேலை கிடைச்சப்புறம் அப்பாகிட்ட மெதுவாச் சொல்லிக்கலாம்."

அன்றிலிருந்து தன் பங்கை அவன் ஒரு குறையும் இல்லாமல் செய்துவந்தான்.

பரீட்சை நாளும் வந்தது. அவள் சாமி படத்தின் முன்னால் நின்று, படித்ததெல்லாம் ஞாபகம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்பினால், மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நானும் வர்றேன்."

மகன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். வெயில் என்றான். நிற்க இடமிருக்காது என்றான். பஸ்ஸில் கூட்டம் என்றான்.

"யார்கிட்ட சொல்றே?" என்றார் அவர்.

தேர்வு மையத்தின் கேட் முன்னால் நான்கு பேரும் நின்றார்கள். பெண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு மரத்தடியில் உட்காருவதாக இருந்த மகன், இப்போது கேட்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். டீ குடிக்கலாம் வாங்கப்பா என்று கூப்பிட்டான். வயிறு சரியில்லை என்றார். அங்கே நிழலாக இருக்கிறது என்றான். இங்கேயே நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

காவலாளி, இன்னும் யாராவது இருந்தால் சீக்கிரம் வாருங்கள், கேட்டை மூடப் போகிறேன் என்று குரல் கொடுத்தார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கடவுளே, ஞாபகமெல்லாம் அப்புறம் இருக்கட்டும், இவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிடு, அது போதும் என்று வேண்டினாள்.

மாமனார் இந்தப் பக்கம்தான் திரும்பினார். அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"போம்மா. கேட்டை மூடறாங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். மகன் முன்னால் வந்தான்.

"அப்பா, பரீட்சை எனக்குத்தானே…"

அவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேலை கிடைச்சா போய்ச் சேரு. என்கிட்ட மட்டும் வந்து கேக்காதே. கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். சொல்லியே பழகிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கேட் மூடிற்று.

மகன் மெதுவாக, எப்படித் தெரியும் என்று கேட்டான்.

அவர் தோளில் கிடந்த பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடியே சொன்னார்.

"வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்லயே நின்னவன்டா நான். கண்டக்டர் பக்கத்துல வரும்போது கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கறவன் எவனும் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான்."