பைட்டருக்கு ஒரு துணை

"பைட்டர் மீனுக்கா துணை கேக்குறீங்க? உள்ளே விட்ட எதையும் அது உயிரோட விடாதே ஐயா!"

வண்ணமீன் கடைக்காரர் சொல்லி வாய் மூடவில்லை.

"உயிரோட விடாதாம்!" என்று அப்பா போட்ட சத்தத்தில், பக்கத்துத் தொட்டியின் தங்கமீன்கள் எல்லாம் பின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டன. கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மகளுக்கு மானம் போயிற்று.

அம்மா போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவள் வளர்த்த பைட்டர் மட்டும் நீல வாலை விரித்துக்கொண்டு இன்னும் ஜம்மென்று இருக்கிறது. தொட்டி முழுக்கப் பாசி. தேய்த்துக் கழுவ அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. பாசி தின்கிற ஜீவன் ஏதாவது ஒன்றை அதற்குத் துணையாக விட்டுவிட்டு, நாளைக் காலை ரயிலில் மகள் தன் ஊர் திரும்ப வேண்டும்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டா, தனியாகவா? இரண்டு நாளாக அவள் முடிவு செய்யாமல் தள்ளிப் போட்டு வருகிறாள்.

"கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பாசி தின்னுமே, அந்தச் சக்கர் மீன் விடலாமாங்க?"

"வேணாம்மா. இப்ப விரல் நீளம்தான் இருக்கும். போகப் போக முழங்கை நீளம் வந்துடும்."

"முழங்கை நீளமாம்!" என்றார் அப்பா.

"சின்ன இறால்?"

"பைட்டருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு."

"சாப்பாடாம்!"

கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னங்கய்யா, நான் சொல்றதையே சொல்லிப் பழிப்புக் காட்டுறீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க. அவர் சுபாவமே அப்படி" என்றாள் மகள். எட்டு வயதிலிருந்து ஊரெல்லாம் அவள் சொல்லி வருகிற வாக்கியம் இது.

சின்ன வயதில், "கணக்குல பெயிலாயிட்டேன்ப்பா" என்று பூனை போல வந்து காதோடு சொல்வாள். "கணக்குல பெயிலாம்!" என்று அப்பா முழங்குவார். மூன்றாவது வீட்டு மாமா எட்டிப் பார்ப்பார். தெருவில் அவளுக்கும் தம்பிக்கும் 'இடி வீட்டுப் பிள்ளைங்க' என்றே பெயர்.

காதல் விஷயமும் அப்படித்தான் அரங்கேறியது. "இவளுக்கு ஒரு பையனைப் பிடிச்சிருக்காம்!" என்று அவர் போட்ட போடில், அந்தப் பையனுக்கே செய்தி எட்டியிருக்கும்.

அம்மா மட்டும் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றுகூட, அவர் கத்தி முடித்ததும் சிரித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்றாள். அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான். "எங்கிட்டப் பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசணும். அதுதான் மரியாதை." சாயங்காலமானால் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தொட்டி விளக்கு வெளிச்சத்தில் அவள் காலடியில் இவர்கள் இரண்டு பேரும் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அந்த வெளிச்சத்துக்கு இப்போதும் மனசு ஏங்கியது.

கடைக்காரர் ஒரு நத்தையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். புளியங்கொட்டை அளவு, வரி வரியாக ஓடு.

"உங்க பைட்டருக்கு இதுதாம்மா சரி. பாசியை வழிச்சுத் தின்னுடும். இதோட ஓட்டு வாயில ஒரு கதவு இருக்கு பாருங்க. மீன் கொத்த வந்தா சாத்திக்கும். அது அந்தாண்ட போனதும் திறந்துகிட்டு வேலையைப் பார்க்கும்."

"கதவு இருக்காம்!"

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மாவும் இப்படித்தானேப்பா இருந்தா? நீங்க கத்தக் கத்தக் கதவைச் சாத்திக்கிட்டு! அங்க என் வீட்டுல யாருக்குப்பா இப்படி ஒரு ஓடு இருக்கு? உங்களை நான் எப்படிக் கூட்டிட்டுப் போவேன், சொல்லுங்க?"

சொன்ன பிறகுதான், அதைக் கடையில் வைத்துச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அப்பா நத்தையைப் பார்த்துக்கொண்டே பேசினார். மெல்லிய குரல். அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"உங்கம்மாவுக்குக் காது கேக்காதும்மா."

"என்னப்பா சொல்றீங்க?"

"நீ ரெண்டாவது படிக்கிறப்ப ஒரு காய்ச்சல் வந்து படுத்தாளே, அதுல முக்கால்வாசி போயிடுச்சு. உங்களை யாரும் செவிட்டுப் பொம்பளை பெத்த பிள்ளைங்கன்னு சொல்லிடக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டா. உங்களுக்கே தெரியக் கூடாதுன்னுட்டா. யாரு என்ன பேசினாலும் அவளுக்குக் கேக்குற மாதிரி எடுத்துச் சொல்ல நான்தானேம்மா இருந்தேன்?"

கடைக்காரர் நத்தையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் மெல்ல இறக்கி வைத்தார்.

அவளுக்குக் கண் நிறைந்து தொட்டியெல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கடைக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, நாளைக்கு அப்பா எங்கூட ஊருக்கு வர்றாரு. மீனையும் விட்டுட்டு வர முடியாது. ஆறு மணி நேர ரயில் பயணம், பைட்டரும் இந்த நத்தையும் தாங்குமா?"

"மூடியில ஓட்டை போட்டு ரெண்டு பாட்டில் தர்றேன், தனித்தனியாப் போட்டு எடுத்துட்டுப் போங்க. தாராளமாத் தாங்கும்மா."

"தாங்குமாம்!" என்றார் அப்பா, பழைய சத்தத்தில்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"அம்மாதான் இல்லையேப்பா. இன்னும் யாருக்குச் சொல்றீங்க?"

"தெரியுதும்மா. ஆனா சொல்லாம இருந்தா, அவளை விட்டுட்டு நாம மட்டும் பேசிக்கிற மாதிரி இருக்கு."